கார் ஏசி குளிரவில்லையா? கேஸ் நிரப்பும் முன் பார்க்க வேண்டியவை

கார் ஏசி சரியாகக் குளிரவில்லை என்று சொன்னதும் காதில் விழும் முதல் பதில், "கேஸ் குறைஞ்சிருக்கும், நிரப்பிடலாம்" என்பதுதான். நானும் அதை நம்பி இரண்டு கோடைகளில் கேஸ் நிரப்பினேன். ஒவ்வொரு முறையும் சில வாரம் நன்றாகக் குளிர்ந்தது, அப்புறம் பழையபடி வெறும் காற்று. மூன்றாவது முறை போன இடத்தில் மெக்கானிக் எதையும் நிரப்பவில்லை. முன் கிரில்லுக்குள் டார்ச் அடித்து, ஏசியின் வெப்பத்தை வெளியே விடும் கன்டென்சரின் ஓரத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து அப்பியிருந்த ஒரு திட்டைக் காட்டினார். கல் தெறித்து விழுந்த ஊசிமுனை ஓட்டை. அந்தக் கறை அங்கே வெகுநாளாக இருந்திருக்க வேண்டும். முதல் இரண்டு முறை யாரும் குனிந்து பார்க்கவில்லை, நானும் பார்க்கச் சொல்லவில்லை.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகித் தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. ரப்பர் குழாய்கள் வழியாக மிக மெதுவாகக் கசிவது உண்டு, ஆனால் அது தெரியவரப் பல வருடம் பிடிக்கும். ஒரே வருடத்தில் குறைந்துவிட்டது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஆகவே "எவ்வளவு நிரப்பலாம்" என்பதற்கு முன்னால் "எங்கே போனது" என்று கேளுங்கள். அதற்கும் முன்னால், குறைந்தது உண்மையிலேயே கேஸ்தானா என்று நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏசிக்குள் என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பழுதுகளை ஊகித்துவிடலாம் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கை கழுவும் சானிடைசரை உள்ளங்கையில் ஊற்றினால் அது ஆவியாகும்போது கை ஜில்லிடும். ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அது கையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஏசி செய்வதும் இதையேதான். சானிடைசர் காற்றில் கலந்து போய்விடும், ஏசியோ ஆவியைப் பிடித்து மறுபடி திரவமாக்கிக்கொள்கிறது. புதிதாகக் குளிரை உண்டாக்கும் கருவி எதுவும் காருக்குள் இல்லை. உள்ளே இருக்கும் வெப்பம் வெளியே கொண்டுபோய்க் கொட்டப்படுகிறது, அவ்வளவுதான்.

இதற்கு வேண்டியது, சட்டென்று கொதிக்கும் ஒரு பொருள். பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ என்ற கேஸ் சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் கூடினால் அதன் கொதிநிலையும் கூடும். சுமார் 30 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அலகு) அழுத்தத்தில் அது ஒன்றிரண்டு டிகிரியில் கொதிக்கிறது. 200 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஏறக்குறைய 55 டிகிரி ஆகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் மொத்த ஏசியும் இயங்குகிறது.

என்ஜின் பெல்ட்டால் சுழலும் கம்ப்ரஸர், ஆவியாக வரும் கேஸை அழுத்திச் சூடாக்கி முன்பக்கம் தள்ளுகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கன்டென்சருக்குள் அது நுழைகிறது. வெளியே வெயில் 40 டிகிரி என்றாலும் உள்ளே கேஸ் அதைவிடச் சூடாக இருப்பதால் வெப்பம் வெளிக்காற்றுக்குப் போய்விடும், கேஸ் திரவமாகும். பிறகு டிரையர் என்ற சிறு குப்பி, திரவத்தில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அடுத்து எக்ஸ்பான்ஷன் வால்வ். ஊசித்துளை போன்ற அதன் வழியாகத் திரவம் பீறிடும்போது அழுத்தம் சடாரென்று விழுகிறது. அழுத்தம் விழுந்தால் கொதிநிலையும் விழும். ஆகவே டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கேஸ் ஒன்றிரண்டு டிகிரியில் கொதிக்க ஆரம்பித்து, சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சிவிடுகிறது. பிளோயர் அந்தக் காற்றை நம் முகத்துக்கு அனுப்புகிறது, கேஸ் கம்ப்ரஸருக்குத் திரும்புகிறது.

காற்றில் உள்ள ஈரமும் கூலிங் காயிலில் பட்டு நீராகி, ஒரு சிறு குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்டும். புதிதாகக் கார் வாங்கியவர்கள் இதைப் பார்த்துப் பயப்படுவதுண்டு. பயப்பட வேண்டாம், அது நல்ல அறிகுறி. புழுக்கமான நாளில் ஏசி கொஞ்சம் தடுமாறுவதற்கும் இதுவே காரணம். அதன் திறனில் ஒரு பங்கு காற்றை உலர்த்துவதிலேயே போய்விடுகிறது.

முதல் படி: காற்று குறைவா, குளிர் குறைவா?

இரண்டும் வேறு வேறு பழுதுகள். இதைப் பிரித்துப் பார்க்காமல் போனால்தான் தேவையில்லாமல் கேஸ் நிரப்ப நேரிடுகிறது.

என்ஜினை ஓட விட்டு பிளோயரை முழு வேகத்தில் வையுங்கள். காற்று பலமாக வராமல், வருகிற கொஞ்சம் காற்று மட்டும் ஜில்லென்று இருந்தால் கேஸில் கோளாறு இல்லை. கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பல கார்களில் அது டேஷ்போர்டின் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும், கருவி எதுவும் இல்லாமலே எடுத்துவிடலாம். இலைச் சருகும் சாம்பல் நிறத் தூசியும் அடைத்த ஃபில்டரை மாற்றியதுமே பலருக்கு ஏசி "சரியாகி" விடுகிறது. ஃபில்டர் சுத்தமாக இருந்தும் காற்று வரவில்லையென்றால் பிளோயர் மோட்டார் பலவீனமாகியிருக்கலாம். கடைசி வேகத்தில் மட்டும் பிளோயர் ஓடி, மற்ற வேகங்களில் நின்றுவிட்டால் பெரும்பாலும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் எரிந்திருக்கும்.

காற்று பலமாக வந்து குளிர் மட்டும் இல்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம். அதற்கு முன் வெப்பநிலைக் குமிழைக் கடைசிக் குளிர் வரை திருப்பி, உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்க்குலேஷன் பட்டனைப் போட்டிருக்கிறோமா என்று பாருங்கள். டேஷ்போர்டுக்குள் கூலிங் காயிலுக்கு அருகிலேயே ஹீட்டர் காயிலும் இருக்கிறது. காற்று எதன் வழியாகப் போக வேண்டும் என்பதை ஒரு சிறு கதவு தீர்மானிக்கிறது. அந்தக் கதவின் மோட்டார் பழுதானால், ஏசி ஒழுங்காக வேலை செய்தாலும் குளிர்ந்த காற்றோடு சூடான காற்று கலந்துவிடும். ஒரு பக்கம் ஜில்லென்றும் மறுபக்கம் வெதுவெதுப்பாகவும் வந்தால் அந்தக் கதவின் மேல் சந்தேகம் வரட்டும். கேஸ் குறைந்தாலும் சில கார்களில் இப்படி ஆகும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இரண்டாம் படி: தெர்மாமீட்டர் வைத்து அளவெடுங்கள்

"முன்ன மாதிரி குளிரலை" என்பதை வைத்து யாரும் பழுது கண்டுபிடிக்க முடியாது. ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி நடு ஏசி வென்டுக்குள் செருகுங்கள். காரை நிழலில் நிறுத்தி, கதவுகளை மூடி, ரீசர்க்குலேஷன் போட்டு, பிளோயரை நடு வேகத்தில் வைத்துப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். ஆரோக்கியமான ஏசியில் பொதுவாக 5 முதல் 10 டிகிரி வரும். கடும் வெயிலிலும் புழுக்கத்திலும் ஓரிரு டிகிரி கூடலாம். 15க்கு மேல் நின்றால் ஏதோ சரியில்லை. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

மூன்றாம் படி: பானெட்டைத் திறந்து பாருங்கள்

இங்கே கவனம் மிக முக்கியம். ஓடும் பெல்ட்டும் திடீரென்று சுழலத் தொடங்கும் ஃபேனும் இருக்கின்றன. தொங்கும் துணி, நீளமான கூந்தல், கைச்சங்கிலி எதுவும் அருகில் போகக் கூடாது. மின்சார, ஹைபிரிட் கார்களில் ஏசி கம்ப்ரஸரே உயர் அழுத்த மின்சாரத்தில் ஓடுகிறது. ஆரஞ்சு நிறக் கேபிள் தெரிந்தால் தொடவே வேண்டாம், அந்த வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

ஒருவர் உள்ளே அமர்ந்து ஏசியைப் போட, நீங்கள் வெளியே நின்று கேளுங்கள். கிளட்ச் (கம்ப்ரஸரைப் பெல்ட்டோடு இணைத்தும் விலக்கியும் விடும் பகுதி) உள்ள கம்ப்ரஸர் என்றால் "டக்" என்ற சத்தத்தோடு அதன் முன் தட்டும் பெல்ட்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, கிளட்ச் காயில் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கேஸ் மிகக் குறைந்தாலும் கம்ப்ரஸர் கெட்டுவிடாமல் இருக்க பிரஷர் ஸ்விட்ச் அதை ஓட விடாது. ஓரிரு நொடி ஓடி நிற்பதும் மறுபடி ஓடுவதுமாக இருந்தால் கேஸ் குறைவின் அறிகுறி என்று எடுத்துக்கொள்ளலாம். புதிய கார்கள் சிலவற்றில் கிளட்சே இல்லாமல் எப்போதும் சுற்றும் கம்ப்ரஸர் இருப்பதால், அங்கே இந்தச் சத்தத்தை எதிர்பார்க்க முடியாது.

அடுத்து கன்டென்சர் ஃபேன். ஏசி போட்ட சற்று நேரத்தில் அது சுழல வேண்டும். ஓடும்போது நன்றாகக் குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் வெதுவெதுப்பாகிறது என்றால் அநேகமாக இந்த ஃபேன்தான் காரணம். வண்டி நகரும்போது எதிர்க்காற்று கன்டென்சரைக் குளிர்விக்கிறது. நின்றதும் அந்த வேலையை ஃபேன் செய்ய வேண்டும், அது ஓடவில்லை. கன்டென்சர் முழுக்கப் பூச்சியும் சேறும் அப்பியிருந்தாலும் இதே கதைதான். என்ஜின் ஆறிய பிறகு, மெல்லிய தகடுகள் வளையாதபடி குறைந்த வேகத் தண்ணீரில் கழுவிவிடலாம். உயர் அழுத்த பம்பை மட்டும் அருகில் கொண்டுபோகாதீர்கள்.

இப்போது கன்டென்சர், குழாய் மூட்டுகள், கம்ப்ரஸரின் முன்பக்கம் ஆகியவற்றில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கம்ப்ரஸருக்கான எண்ணெய் கேஸோடு கலந்தே சுற்றுவதால், கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும். கேஸைக் கண்ணால் பார்க்க முடியாது, எண்ணெயைப் பார்க்கலாம்.

கடைசியாகத் தடித்த ஏசிக் குழாயை லேசாகத் தொட்டுப் பாருங்கள். கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரஸருக்குத் திரும்பும் அந்தக் குழாய் ஜில்லென்று வியர்த்திருக்க வேண்டும். மெல்லிய குழாய் வெதுவெதுப்பாக இருக்கும். கம்ப்ரஸரிலிருந்து கன்டென்சருக்குப் போகும் குழாய் கையைச் சுட்டுவிடும், அதைத் தொட வேண்டாம். தடித்த குழாய் நன்றாகக் குளிர்ந்தும் காருக்குள் குளிர் வரவில்லை என்றால் கேஸ் சுற்று ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். பழுது டேஷ்போர்டுக்குள்தான்.

இன்னும் சில தொல்லைகள்

ஆரம்பத்தில் நன்றாகக் குளிர்ந்து, அரை மணி நேரத்தில் காற்றே குறைந்து, ஏசியை அணைத்துச் சற்று நேரம் கழித்துப் போட்டால் மறுபடி சரியாகிறதா? கூலிங் காயிலில் பனி படிந்து காற்று போகும் வழியை அடைக்கிறது. அடைத்த ஃபில்டர், உறைநிலைக்கு முன் கம்ப்ரஸரை நிறுத்த வேண்டிய சென்சாரின் பழுது, கேஸ் குறைவு இவற்றில் ஒன்று காரணமாக இருக்கும்.

ஏசி போட்டதும் ஈரத் துணி நாற்றம் வந்தால் அது கூலிங் காயிலில் வளர்ந்த பூஞ்சை. வாசனைத் திரவியம் தொங்கவிடுவதால் அது போகாது. காயிலைச் சுத்தம் செய்யும் நுரை அடித்து, ஃபில்டரையும் மாற்ற வேண்டும். திரும்ப வராமல் இருக்க, போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு மூன்று நான்கு நிமிடம் முன்பே ஏசி பட்டனை அணைத்து பிளோயரை மட்டும் ஓட விடுங்கள், காயில் உலர்ந்துவிடும். ஆனால் நாற்றம் இனிப்பு வாடையாக இருந்து, முன் கண்ணாடியில் பிசுபிசுப்பான படலமும் படிந்தால் அது ஏசியின் குற்றம் இல்லை. ஹீட்டர் காயிலிலிருந்து என்ஜின் கூலன்ட் கசிகிறது, உடனே பார்க்க வேண்டும்.

முன் இருக்கையின் கால்மிதியில் தண்ணீர் தேங்கினால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. குத்திவிட்டால் சரியாகிவிடும் சின்ன வேலை. விட்டுவைத்தால் தரைவிரிப்புக்கு அடியில் இருக்கும் வயர்கள் வரை ஈரம் போய்விடும்.

ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்க வேண்டும்

பானெட்டின் உள்பக்கத்திலோ அருகிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். என்ன கேஸ், எத்தனை கிராம் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். சாதாரணக் கார்களில் பெரும்பாலும் 400 முதல் 800 கிராம் வரை இருக்கும். போகும் முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேஸின் வகை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. முன்பு கார்களில் ஆர்-12 என்ற கேஸ் இருந்தது. அது ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு கைவிடப்பட்டு, 1990களில் ஆர்-134ஏ வந்தது. ஓசோனுக்கு அது கெடுதல் செய்யாது, ஆனால் புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வலிமையானது. அதனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் புதிய கார்களில் அதைப் பயன்படுத்தக் கூடாது. அதன் இடத்துக்கு ஆர்-1234ஒய்எஃப் வந்திருக்கிறது, அது லேசாகத் தீப்பற்றக்கூடியது. இவற்றில் ஒன்றோடு ஒன்றைக் கலக்கக் கூடாது. பழைய கேஸைத் திறந்துவிட்டு வெளியேற்றுவதும் தவறு, இயந்திரத்தில் உறிஞ்சிச் சேமிப்பதுதான் முறை.

கேஸை எடைபோட்டுத்தான் நிரப்ப வேண்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள். சமையல் எரிவாயு சிலிண்டரில் பாதி தீர்ந்த பிறகும் அழுத்தம் ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கும், தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஏசி கேஸும் அப்படியே. என்ஜின் நின்றிருக்கும்போது, வெப்பம் 30 டிகிரி என்றால், உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும் வரை ஆர்-134ஏ 100 பிஎஸ்ஐக்கு அருகில்தான் காட்டும். ஆகவே அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றினால் கூடவோ குறையவோ போய்விடும். கூடினாலும் குளிர் குறையும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதிகத் திரவம் கன்டென்சரை அடைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றி, கம்ப்ரஸரையும் திணறடிக்கும்.

என்றாலும் என்ஜின் ஓடும்போது கேஜ் நிறையச் சொல்லும், பக்கத்தில் நின்று பாருங்கள். மிதமான வெயிலில் ஆர்-134ஏ காரில் குறைந்த அழுத்தப் பக்கத்தைக் காட்டும் நீல கேஜ் சுமார் 25 முதல் 45 பிஎஸ்ஐ, அதிக அழுத்தப் பக்கத்தின் சிவப்பு கேஜ் 150 முதல் 250 பிஎஸ்ஐ காட்டுவது இயல்பு. இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் கேஸ் அதிகம், அல்லது கன்டென்சர் வெப்பத்தைக் கொட்ட முடியாமல் திணறுகிறது, இல்லாவிட்டால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. நீலம் உயர்ந்து சிவப்பு தாழ்ந்தால் கம்ப்ரஸர் தளர்ந்துவிட்டது. நீலம் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வ் பக்கம் அடைப்பு.

லீக் தேட நைட்ரஜன் அழுத்தியோ, புற ஊதா ஒளியில் மின்னும் சாயம் கலந்தோ பார்ப்பார்கள். கன்டென்சர், மூட்டுகளின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), கம்ப்ரஸர் சீல், கேஸ் ஏற்றும் வால்வ் ஆகியவைதான் வழக்கமாகக் கசியும் இடங்கள். கூலிங் காயில் கசிந்தால் பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும், அந்த வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் இன்னொருவரிடமும் காட்டுங்கள். ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் என்று விற்கும் சீலன்ட் டப்பாக்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஓட்டையோடு எக்ஸ்பான்ஷன் வால்வையும், சில சமயம் ஒர்க்‌ஷாப்பின் இயந்திரத்தையும் சேர்த்து அது அடைத்துவிடலாம்.

குழாய்களைத் திறந்து வேலை செய்திருந்தால் டிரையரையும் மாற்றச் சொல்லுங்கள். பிறகு குறைந்தது அரை மணி நேரம் வேக்யூம் போட வேண்டும். காற்றை முழுதாக உறிஞ்சும்போது உள்ளே தங்கிய ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து வெளியேறிவிடும். ஈரம் தங்கினால் வால்வில் பனியாக உறையும், எண்ணெயோடும் கேஸோடும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். "அவசரம், பத்து நிமிடம் போதும்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஏசி நீடித்து உழைக்க

வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டுங்கள், அடைந்த அனல் வெளியேறட்டும். அதன் பிறகு ஏசியைப் போட்டு ரீசர்க்குலேஷனுக்கு மாறுங்கள். நீண்ட பயணத்தில் அவ்வப்போது வெளிக்காற்றையும் உள்ளே விடுங்கள். மூடிய காருக்குள் நம் மூச்சிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து தூக்கம் சொக்கும். குளிர்காலத்திலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் ஏசியை ஓட்டினால் எண்ணெய் சுற்றி வந்து சீல்கள் காயாமல் இருக்கும். மழையில் கண்ணாடி பனித்தால் ஏசியோடு வெளிக்காற்றை வையுங்கள், உலர்ந்த காற்று சீக்கிரம் துடைத்துவிடும்.

நிறுத்திய காரில் என்ஜினையும் ஏசியையும் ஓட விட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்காதீர்கள். புகைக்குழாயில் கசிவு இருந்தாலோ கார் மூடிய இடத்தில் நின்றாலோ நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே சேர்ந்து உயிரைக் குடித்துவிடும்.

வேலை முடிந்து காரை எடுக்கும்போது மூன்று விஷயங்களை ரசீதில் எழுதி வாங்குங்கள்: பழைய கேஸ் எத்தனை கிராம் வெளியே வந்தது, புதிதாக எத்தனை கிராம் ஏற்றினார்கள், எந்த இடத்தில் கசிவைச் சரிசெய்தார்கள். அன்றைக்கே தெர்மாமீட்டரை நடு வென்டில் செருகி, வெளி வெப்பத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அதே மாதிரியான ஒரு நாளில் மறுபடி அளந்து பாருங்கள். நான்கைந்து டிகிரி ஏறியிருந்தால், ஃபில்டரையும் ஃபேனையும் பார்த்துவிட்டு, அந்த ரசீதோடு அதே இடத்துக்குத் திரும்பிப் போங்கள்.